தோட்டத்து வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல்?

இந்த ஒரு கேள்விக்கு எனக்கு மூன்று பதில் கிடைத்தது. கிழக்கு என்றார் அத்தை. போட்டோவைப் பார்த்தால் வடக்கு. அந்த வீட்டில் பதினைந்து வருசம் பண்ணையத்தில் வேலைக்கு இருந்த பெரியவர், கொஞ்சம்கூட யோசிக்காமல், "தெக்க பார்த்த வாசலுங்க" என்றார். வீடு இருந்தால் போய்ப் பார்த்துவிடலாம். வீடுதான் இல்லையே.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில், ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அப்பாவின் அப்பாவான எங்கள் அப்பாரு கட்டிய ஓட்டு வீடு இருந்தது. நான் பிறந்தது 1974. எனக்கு ஆறு ஏழு வயசு வரைக்கும் லீவுக்குப் போயிருக்கிறேன். அப்புறம் கிணறு வற்றி, பெரியப்பா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய், அப்பாவைப் பெற்ற ஆத்தாவும் எங்களோடு வந்துவிட்ட பிறகு அது பூட்டியே கிடந்தது. 1991ல் ஓட்டைப் பிரித்து விற்றார்கள். கதவு, நிலவு என்கிற கதவுச் சட்டம், தூண் எல்லாம் பழைய சாமான் வாங்குகிறவர்களிடம் போனது. 2006ல் நிலமே கை மாறியது. வாங்கியவர் மிச்சமிருந்த சுவர்களை ஜேசிபி வைத்து ஒரே நாளில் மட்டம் பண்ணிவிட்டார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு அது வெறும் குட்டிச்சுவர்.

எங்கள் பக்கத்தில் குடியிருப்பு அமைந்திருக்கிற விதம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். கொங்கு நாட்டில் விவசாயக் குடும்பம் பெரும்பாலும் ஊருக்குள் கூட்டமாக இருக்காது, அவரவர் தோட்டத்துக்குள்ளேயே சாளை போட்டுக்கொண்டு இருக்கும். கிணற்றை ஒட்டி வீடு, அதைச் சுற்றிப் பட்டி, மாடு கட்டுகிற கட்டுத்தரை, களம், அதையெல்லாம் தாண்டி கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். தெருவில் இருந்த வீடு இடிந்தால் பக்கத்து வீடு சாட்சிக்கு நிற்கும், எதிர்வீட்டுக்காரர் "இங்கேதான்" என்று கை நீட்டிக் காட்டுவார். தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்து வீடே கிடையாது. அது போனால் சுத்தமாகப் போய்விடுகிறது.

அப்பா இருந்தவரைக்கும் நான் இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் போய் மூன்றாம் மாதம், பீரோவுக்கு அடியில் இருந்த தகர டப்பாவில் இருந்து நாலு போட்டோ கிடைத்தது. ஒன்று ஸ்டுடியோவில் திரைச்சீலை முன்னால் எடுத்தது, அதில் வீடு இல்லை. இன்னொன்று எண்பதுகளில் எடுத்த கலர் படம். பச்சையெல்லாம் போய் மொத்தமும் செம்மண் நிறமாகிக் கிடக்கிறது, அதிலும் சுவரும் ஒரு மின்சார மீட்டர் பெட்டியும் மட்டும்தான் தெரிகிறது. மீதி இரண்டுதான் இந்தக் கதையே.

முதலாவது சின்னச் சதுரப் படம். 120 ஃபிலிமில் பன்னிரண்டு படம் விழுகிற ஆக்ஃபா கிளிக் கேமராவில் சித்தப்பா எடுத்தது. அறுபதுகளில் கொஞ்சம் வசதி வந்த வீடுகளில் அந்தக் கேமராவைப் பார்க்கலாம். பட்டிப் பொங்கல் அன்றைக்கு, கொம்புக்கு வண்ணம் அடித்த ஓர் எருது, பக்கத்தில் கல்யாணமாகி முதல் வருசப் பொங்கலுக்கு வந்திருக்கிற அத்தை, பின்னால் வீட்டின் முகப்பு. எல்லார் முகமும் இருட்டாக இருக்கிறது. எருதின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருக்கிற ஒரு கை மட்டும் வலது ஓரத்தில் தெரிகிறது, ஆள் படத்துக்கு வெளியே.

இரண்டாவது படம் அப்பாரு இறந்த அன்றைக்கு எடுத்தது. அந்தக் காலத்தில் சாவு விழுந்தால் காங்கேயத்திலிருந்து போட்டோக்காரரைக் கூட்டி வருவார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நிற்க ஒரு படம். பல வீடுகளில் அந்த மனிதருக்கு இருக்கிற ஒரே படமே அதுதான். இப்போது பார்க்கிறவர்களுக்கு என்னமோ போல இருக்கலாம், எனக்கும் சின்ன வயதில் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வந்தவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிற கட்டைக் கேமராவில் எடுத்திருக்கிறார், அதனால் ஃபிலிம் பெரியது, படத்தில் இருக்கிற நுணுக்கத்துக்கு அளவே இல்லை. செல்போனில் போட்டோ பிடித்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்து எடுத்த பிறகுதான் திண்ணைத் தூணில் இருக்கிற சுண்ணாம்புக் கறை வரைக்கும் வந்தது. பழைய படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒரு தடவை இப்படி ஸ்கேன் பண்ணிப் பாருங்கள்.

படத்தோடு முதலில் போனது அத்தையிடம். அவருக்கு எழுபத்தெட்டு. "அத்தை, வீடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லாப் பெருசா இருந்துச்சு கண்ணு." அவ்வளவுதான். மறுபடி கேட்டால் அழுகை. இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. அப்புறம் ஒருநாள் வேறு ஏதோ பேச்சில், "காலையில எந்திரிச்சா மொதல்ல எங்க போவீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், கொட்ட ஆரம்பித்துவிட்டார். எழுந்ததும் சீமாறு எங்கே சாத்தியிருக்கும், அதை எடுத்துக்கொண்டு எத்தனை படி இறங்க வேண்டும், சாணித் தண்ணி எந்த மூலையிலிருந்து தெளிக்க ஆரம்பிப்பார்கள், குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனால் வெயில் எந்தக் கன்னத்தில் அடிக்கும் என்று வரிசையாகச் சொன்னார். தானியம் கொட்டி வைக்கிற தொம்பை இருந்த இருட்டு அறையில் மேலே கண்ணாடி ஓடு ஒன்று பதித்திருந்ததாம், அதன் வழியாக விழுகிற வெளிச்சம் அம்மிக்கு வந்தால் மணி பத்து.

வீடு எப்படி இருந்தது என்று யாரிடமும் கேட்காதீர்கள். அங்கே என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது.

சரி, அத்தை சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் வரைந்துகொண்டே வந்தேன். வாசல் கிழக்கு. அதில் அவருக்குத் துளி சந்தேகமில்லை. "பொழுது கெளம்புறப்ப கதவத் தொறந்தா மூஞ்சியில அடிக்கும் கண்ணு, எனக்குத் தெரியாதா?"

ஆனால் பொங்கல் படத்தில் ஒரு சிக்கல் இருந்தது. தை மாதத்தில் நம் ஊரில் உச்சி வேளைச் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்காது, தெற்கே சாய்ந்திருக்கும். நிழல் வடக்கே விழும். படத்தில் எருதின் நிழல் கேமராவை நோக்கி வருகிறது, நீளமும் ரொம்ப இல்லை. அப்படியானால் சித்தப்பா சூரியனுக்கு எதிராகத் தெற்கே பார்த்து நின்று எடுத்திருக்கிறார், அதனால்தான் முகமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. வீட்டின் முகப்பு அவரைப் பார்த்து இருக்கிறது என்றால் அது வடக்குப் பார்த்த வீடு. இன்னும் உறுதியாகப் பார்க்க, ஸ்கேன் பண்ணிய படத்தில் கான்ட்ராஸ்டைக் கூட்டினேன். கூரை முகட்டுக்கு மேலே, வானத்தில் அழுக்குக் கோடு போல ஒன்று எழுந்து வந்தது. ஊதியூர் மலை. தோட்டத்துக்குத் தெற்கே இருக்கிற மலை. அந்தக் கோட்டைப் பார்த்தபோது ராத்திரி பதினொன்றரை இருக்கும், என் மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

அடுத்து பத்திரங்கள். இடம் எது என்று பொத்தாம்பொதுவாகத் தெரியும், ஆனால் 2006க்குப் பிறகு வேலியெல்லாம் மாறிவிட்டதால் எந்த மூலை என்று தெரியாது. எங்களிடம் இருந்தது 1972ல் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல். பழைய பத்திரங்களைப் படிக்கப் பொறுமை வேண்டும். முதலில் மாவட்டமே குழப்பம். அதில் கோயமுத்தூர் ஜில்லா, தாராபுரம் தாலுக்கா என்று இருக்கும். 1979ல் பெரியார் மாவட்டம் பிரிந்தது, அதுவே பிறகு ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது, 2009ல் திருப்பூர் மாவட்டம் வந்தது. நிலம் ஓர் அங்குலம் நகரவில்லை, அதற்குள் நாலு மாவட்டப் பெயர். பட்டாவில் இருக்கிற எண் வேறு, பத்திரத்தில் 'க.ச. நெம்பர்' என்று இருக்கிற சர்வே எண் வேறு. 1979லிருந்து 1987 வரை நடந்த, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கிற யூ.டி.ஆர். வேலையில் உட்பிரிவுகள் மாறியிருக்கின்றன. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழித்த பிறகு, ஊர் எல்லையை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய கணக்குப்பிள்ளைகளும் அந்த வேலையில் இல்லாமல் போனார்கள். அதனால் பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வர வேண்டும்.

ஆனால் அந்தப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் சில வரிகள் இருக்கின்றன. திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. வடபுறம் இட்டேரித் தடம் (இரண்டு பக்கமும் வேலி போட்ட பாதை), கீழ்புறம் கிணறு, கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு பொதுப் பாத்தியம், கவலைத்தடம், மாமூல் வண்டித்தடத்தில் போகவர பாத்தியம், மேற்படி பூமியில் உள்ள ஓட்டு வில்லை வீடு ஒன்று, கதவு நிலவு சகிதம். வீட்டைப் பற்றி இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள், கிணற்றைப் பற்றித்தான் அரைப்பக்கம். புஞ்சைக் காட்டில் எது சொத்து என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

கிணறு வீட்டுக்குக் கிழக்கே. புல வரைபடத்திலும் கிணறு குறித்திருந்தது. பொங்கல் படத்தில் இடது ஓரத்தில் கவலைக்கான இரண்டு கல்தூண் பாதி தெரிகிறது. தெற்கே பார்த்து நின்றால் இடது கை கிழக்கு. எல்லாம் ஒட்டி வந்தது.

கவலை என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு மனக்கவலைதான் தெரியும். இரண்டு எருதைப் பூட்டிச் சரிவான வாரியில் இறக்கினால், வடக்கயிறு இழுத்து, கிணற்றுக்குள் இருந்து தோல் பையோடு சேர்ந்த சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். மாட்டைப் பின்னாலேயே நடத்தி மேலே கொண்டுவந்து மறுபடி இறக்க வேண்டும். விடிய மூன்று மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுகிற வரைக்கும். பைக்காரா மின்சாரம் 1932லேயே வந்து கோயமுத்தூர் மில்களெல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டாலும், எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வந்தது அத்தை கல்யாணமாகிச் சில வருசம் கழித்துத்தான். பொங்கல் படத்தில் கவலைத்தூண் இருக்கிறது, கரண்டுக் கம்பி இல்லை. வருசத்தை ஊகிக்க அதுவும் உதவியது.

இன்னொரு இடத்திலும் தேடினேன். அமெரிக்கா 1960லிருந்து 1972 வரை கொரோனா என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்களை விட்டுப் பூமியைப் படம் எடுத்தது. எடுத்த ஃபிலிம் சுருளை ஒரு பெட்டியில் வைத்து வானத்திலிருந்து கீழே விடுவார்கள், பாராசூட்டில் இறங்கி வருவதை விமானத்தை வைத்து நடுவானத்திலேயே கொக்கி போட்டுப் பிடிப்பார்கள். அந்தப் படங்கள், 8 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல், 1995ல் ரகசியம் நீக்கப்பட்டு இப்போது அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். ஏற்கெனவே ஸ்கேன் செய்து வைத்திருப்பவை இலவசம். எங்கள் பக்கம் விழுந்திருக்கிற ஒரு படத்தை இறக்கி, ரோட்டையும் மலையையும் வைத்து இடத்தைப் பிடித்தேன். வீடு தெரியும் என்று சொல்ல மாட்டேன். களம் தெரிகிறது. சாணி போட்டு மெழுகிய களம் வெயிலில் வெள்ளைப் பொட்டாக இருக்கிறது, அதன் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அது அத்தை சொல்கிற வேப்பமரமாக இருக்க வேண்டும். வடக்கே நூல் போல இட்டேரி. வேறு யாரையோ வேவு பார்க்க அனுப்பிய கேமராவில் எங்கள் ஆத்தா மெழுகிய களம் விழுந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவும் இருந்தும் வரைபடம் பாதியில் நின்றது. வடக்கு முகப்பு போட்டோவில் இருக்கிறது. திண்ணை, ஆசாரம் என்கிற கூடம், உள் அறைகள், கிழக்குப் பக்கம் எல்லாம் அத்தை சொன்னார். தெற்கே என்ன இருந்தது என்றால், "பொடக்காலி, கட்டுத்தரை, அப்புறம் என்னமோ" என்று நிறுத்திவிடுகிறார். பொடக்காலி என்றால் கொல்லைப்புறம். கட்டுத்தரை எவ்வளவு நீளம், எத்தனை மாடு நிற்கும், தண்ணித்தொட்டி எங்கே, ஒன்றும் தெரியவில்லை. "அங்கெல்லாம் நாங்க எதுக்குக் கண்ணு போறோம், அதுக்கெல்லாம் ஆளு இருந்தாங்கல்ல" என்றார்.

அந்த ஆளைத் தேடித்தான் அடுத்துப் போனேன்.

எங்கள் குடும்பம் கவுண்டர் குடும்பம், அவர் அருந்ததியர். இதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது. அவருக்கு இப்போது எண்பது. பன்னிரண்டு வயதில் எங்கள் பண்ணையத்துக்கு வந்து, கவலை நின்று மோட்டார் வந்த பிறகும் கொஞ்ச காலம் இருந்திருக்கிறார். கவலைக்குத் தோல் பை தைத்துக் கொடுத்தது அவருடைய அப்பா. எங்கள் வீட்டில் அன்றைக்கு ஐந்து வயதுப் பிள்ளைகூட அவரைப் பேர் சொல்லித்தான், வாடா போடா என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. என் அப்பாவும் அந்தப் பிள்ளைகளில் ஒருவர். நான் போய் "தாத்தா" என்றதும் அவர் என்னைப் பார்க்காமல் பேத்தியைப் பார்த்தார். பேத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற பெண், அவள்தான் "உங்களத்தான் தாத்தா கூப்புடறாங்க" என்றாள்.

பொங்கல் படத்தை முதலில் கொடுத்தேன். அவர் ஆட்களைப் பார்க்கவே இல்லை. எருதைப் பார்த்தார். "மயிலை" என்றார். "இதுக்கு ஜோடி ஒண்ணு காரி. மயிலைதான் வாரியில நின்னு இழுக்கும், காரி சண்டித்தனம் பண்ணும்." அப்புறம்தான் ஓரத்தில் இருந்த கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இத அன்னைக்கு வேற யாரும் புடிக்க முடியாதுங்க சாமி. ஆருகிட்டயும் நிக்காது." சாமி வேண்டாம் என்று சொன்னேன். சரிங்க என்றார், மறுபடியும் சாமி என்றார்.

வாசலைக் கேட்டபோதுதான் தெற்கு என்றார். "தெக்க பார்த்த வாசலுங்க. வாசப்படியில ஒரு கல்லு ஒடைஞ்சு கெடக்கும். ஆத்தா அங்க நின்னுதான் சோறு ஊத்தும்." அவர் வீடு என்று எதைப் பார்த்தாரோ அது அந்தப் பின்கதவுதான். பதினைந்து வருசத்தில் ஒரு நாள்கூட வடக்கு வாசல் பக்கமாக அவர் வீட்டை நெருங்கியதில்லை. கம்மஞ்சோறு, கூழ், தீபாவளிக்கு வேட்டி, வருசக் கூலித் தானியம் எல்லாமே தெற்குக் கதவு வழியாகத்தான். உள்ளே எத்தனை அறை என்று கேட்டேன். "உள்ளுக்குள்ளயா?" என்று சிரித்தார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது எல்லாம் விளங்கியது. அத்தை பொய் சொல்லவில்லை. கிழக்கே கிணற்றைப் பார்த்து ஒரு பக்கக் கதவு இருந்திருக்கிறது, பெண்கள் தண்ணிக்கும் குளிக்கவும் போய்வந்தது அந்த வழிதான். வடக்கு வாசல் ஆம்பிளைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் போட்டோவுக்கும். தெற்கு வாசல் வேலைக்காரர்களுக்கு. ஒரே வீடு, மூன்று பேருக்கு மூன்று திசையில் இருந்திருக்கிறது. மூவரில் ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டிருந்தால் நான் ஒரு தப்பான வீட்டை வரைந்து, சரியாக வரைந்துவிட்டேன் என்று சந்தோசப்பட்டிருப்பேன்.

போன பங்குனியில் அத்தை, பெரியவர், நான் மூன்று பேரும், கூடவே பேத்தியும், காரில் தோட்டத்துக்குப் போனோம். இப்போது அங்கே தேங்காய்ப் பருப்பு காயப்போடுகிற சிமெண்ட் களம் இருக்கிறது. காங்கேயம் பக்கம் முழுக்கவே அந்தத் தொழில்தான். நிலத்துக்காரர் நல்ல மனிதர், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள் என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். களத்துக்குத் தெற்கே அரை ஏக்கர் போலச் சீமைக்கருவேல மரம் மண்டிக் கிடக்கிறது. கிணறு இருக்கிறது, பாதிக்கு மேல் மண்ணும் குப்பையும், ஆனால் கவலைத்தூணில் ஒன்று மட்டும் சாய்ந்தபடி நிற்கிறது.

படத்தை ஒளி ஊடுருவுகிற தாளில் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தாளில் இருக்கிற மலைக்கோடு நிஜ மலைமேல் உட்காருகிற வரைக்கும், தாளில் இருக்கிற தூண் நிஜத் தூணோடு சேருகிற வரைக்கும் முன்னும் பின்னும் நடந்தேன். மலைக்கும் நமக்கும் நடுவில் இப்போது காற்றாலைகள் நிற்கின்றன, ஆனால் மலை மாறவில்லை. களத்தின் நடுவில் ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. சித்தப்பா நின்ற இடம். அங்கிருந்து வீட்டு முகப்பு பத்துப் பதினைந்து அடி தள்ளி, அதாவது தேங்காய்ப் பருப்பு காய்கிற இடத்துக்கு அடியில்.

பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். அப்புறம் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனார். அங்கிருந்து நடக்க ஆரம்பித்தார். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். கவலை அவிழ்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு கட்டுத்தரைக்கு வந்தால் அறுபது எட்டு என்று வீட்டிலேயே சொல்லியிருந்தார். இப்போது எட்டு சின்னதாகிவிட்டது, எழுபத்தைந்து கிட்ட வந்து, வேலி முள்ளுக்கு முன்னால் நின்றார். "இங்க தொட்டி இருக்கோணும்." நிலத்துக்காரரின் ஆள் ஒருவர் அரிவாளால் முள்ளை ஒதுக்கினார். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற கல்தொட்டி, ஒரு பக்கம் உடைந்து, மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது. ஜேசிபி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறது போல. பக்கத்திலேயே ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. ஒன்றில் பாதி எழுத்து, ஃபெரோக் என்ற ஊர்ப் பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865ல் ஆரம்பித்து வைத்த ஓட்டுத் தொழில் கடற்கரையோடு பரவி கோழிக்கோட்டுப் பக்கம் ஃபெரோக் வரை வந்தது, அங்கிருந்து ரயில் ஏறி எங்கள் புஞ்சைக் காட்டுக்கும் வந்திருக்கிறது. துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அத்தை தெற்குப் பக்கம் வரவே இல்லை. கிணற்றுக்கும் களத்துக்கும் நடுவில் ஓரிடத்தில் நின்று, "இங்க ஒரு பவளமல்லி இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் திரும்பி வந்தபோது அவரைப் பார்த்து, "என்ன, நல்லாருக்கியா" என்றார். அறுபது வருசத்துக்கு முந்தைய பேச்சு. அவர் "இருக்கறனுங்க அம்மணி" என்றார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சாவுப் படத்தை நான் அவரிடம் காட்டியிருக்கவில்லை. காட்டலாமா என்று தயக்கம். திரும்பி வந்து அவர் வீட்டில் டீ குடிக்கும்போது லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். காரணம் இருந்தது. அப்பாரு உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குப் பின்னால் வடக்கு வாசல் கதவு திறந்திருக்கிறது. உள்ளே இருட்டு. அந்த இருட்டுக்குக் கடைசியில் நகம் அளவுக்கு ஒரு வெளிச்சக் கட்டம். தெற்குக் கதவும் திறந்திருந்திருக்கிறது, இரண்டும் ஒரே நேர்கோட்டில். அந்த வெளிச்சக் கட்டத்தின் நடுவில், வெளியே, படிக்குக் கீழே, ஓர் ஆள் நிற்கிறார். முகம் கிடையாது, வெறும் கறுப்பு உருவம். ஒரு கை உடம்போடு ஒட்டியிருக்கிறது, கக்கத்தில் எதையோ இடுக்கியிருப்பது போல.

இது நீங்களா என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் இல்லீங்க. அன்னைக்கு என்னைய எழவு சொல்ல அனுப்பிச்சுட்டாங்க. வெள்ளகோயில், மூலனூரு எல்லாம் நடந்தே போயிச் சொல்லிட்டு நான் வாறதுக்குள்ள எடுத்துட்டாங்க. நான் மூஞ்சிகூடப் பார்க்கல." கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அது எங்கப்பன்" என்றார். "துண்டக் கக்கத்துல வெச்சிருக்கறான் பாருங்க. கட்டுத்தரையில நாங்க ரெண்டே பேருதான். நான் இல்லீன்னா அவன்தான்."

அவர் அப்பாவுக்குப் படம் ஏதாவது இருக்கிறதா என்று பேத்தியைக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். ஒன்றே ஒன்றுகூட இல்லையா என்று மறுபடி கேட்டேன். அவர் செத்தபோது போட்டோக்காரரைக் கூப்பிட யாரிடம் காசு இருந்தது என்றாள்.

அந்த உருவத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கித் தருகிறேன் என்றேன். திரையில் வெட்டியும் காட்டினேன். வெறும் புள்ளிகளாகச் சிதறி, மனிதன் என்றே சொல்ல முடியாதபடி வந்தது. பேத்திக்கு அதுவே போதும் என்று இருந்தது, வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றாள். பெரியவர்தான் தலையாட்டினார்.

"அப்படி வேண்டாம் சாமி. அந்தக் கதவோட சேர்த்துப் போட்டுக் குடுங்க. கதவு இல்லாட்டி அது எங்கப்பன்னு எப்படித் தெரியும்?"

கதவோடு சேர்த்தே பிரிண்ட் போட்டேன். எட்டுக்குப் பத்து. கதவை வைத்தால் அப்பாருவின் நாற்காலி முதுகும் தோளும் ஓரத்தில் வந்துவிடுகிறது, அதை எடுத்துவிடவா என்று ஸ்டுடியோவில் கேட்டார்கள். பெரியவருக்கே போன் போட்டுக் கேட்டேன். இருக்கட்டும் என்றார்.